பிடித்துக்கொண்ட பழைய லாரி எஞ்சினை உடைக்காமல் விடுவிக்கும் முறை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் லாரி ஒன்று சில மாதம் ஓடாமல் நின்றாலே எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. கடற்காற்றில் உப்பு ஈரம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அடிக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், 2015 பெருமழை, 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலும் அதன்பின் தென்பெண்ணையில் பெருகிய வெள்ளமும் எத்தனையோ வண்டிகளைத் தண்ணீரில் நிறுத்தின. இப்படி நின்ற டாடா 1210, அசோக் லேலண்ட் காமெட் போன்ற பழைய வண்டிகளின் எஞ்சின் சுற்றாவிட்டால், உடனே அதைக் காயலான் கடைக்கு எடை போட வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு பிளாக்கும் (எஞ்சினின் உடல்) கனத்த கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கொண்ட இந்த எஞ்சின்களைப் பொறுமையோடு அணுகினால் பலவற்றை மீட்டுவிடலாம். ஆனால் எந்த உறுப்பு பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விசை கொடுப்பவர், பழுதில்லாத உறுப்பையும் சேர்த்து உடைத்துவிடுவார். கீழே சொல்லியுள்ள ஒவ்வொரு வேலையும் அந்தப் பிடியைக் கண்டுபிடிப்பதற்காகவே இந்த வரிசையில் வைக்கப்பட்டுள்ளது.

முதலில் விசாரணை

வண்டி எப்படி நின்றது என்று ஓட்டுநரிடமோ உரிமையாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போது சூடேறி நின்ற எஞ்சினும், நிறுத்தி வைத்த இடத்திலேயே இறுகிய எஞ்சினும், வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினும் மூன்று வெவ்வேறு நோயாளிகள். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் சூடேறியிருந்தால், அலுமினியப் பிஸ்டன் விரிந்து, அது ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனரில் உரசிப் பிடித்திருக்கும். ஆறியபின் அது தானாகவே விட்டுவிடுவதும் உண்டு, ஆனால் லைனரில் விழுந்த கீறல் அப்படியே இருக்கும். ஆயில் இல்லாமல் ஓடி நின்றிருந்தால் கிராங்க்கின் பேரிங் உருகிப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். அதை எந்த எண்ணெயில் ஊறவைத்தாலும் பயனில்லை. எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சேம்பரைக் கழற்றியே ஆக வேண்டும். நிறுத்திய இடத்தில் இறுகியதென்றால், பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளுக்கும் லைனருக்கும் இடையே துரு ஏறியிருக்கும். ஊறவைக்கும் முறை இந்த வகைக்குத்தான் நன்றாகப் பலன் தரும்.

இந்த விசாரணை முடியும்வரை செல்ஃப் போடக் கூடாது. வேறு வண்டியில் கயிறு கட்டி இழுத்து, கியரைப் போட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை இந்த நேரத்தில் அறவே கைவிட வேண்டும். பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் நின்றால் அது காற்றைப்போல் அமுங்காது. மேலே வரும் பிஸ்டனுக்கு வழி இல்லாததால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டிகளில், தண்ணீர் செய்த சேதத்தைவிட அவசரப்பட்டுப் போட்ட செல்ஃப் செய்யும் சேதமே பெரிது.

வெளியே இருக்கும் பிடிகள்

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதிசெய்த பின் சேம்பரின் வடிகால் நட்டை மெதுவாகத் தளர்த்த வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால், உள்ளே தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வெளியே வரும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீரோடு கலந்து கடையப்பட்டிருக்கிறது என்று பொருள்; பளபளக்கும் உலோகத் துகள்கள் தெரிந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து அதன் மடிப்புகளையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, பிடித்திருப்பது எஞ்சின்தானா என்று பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டாரின் பல்சக்கரம், கிராங்க்கின் முனையில் உள்ள பெரிய சக்கரமான பிளைவீலின் பல்லில் சிக்கிக்கொண்டாலும் எஞ்சின் சுற்றாது. எனவே செல்ஃபை முழுமையாகக் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். பேன் பெல்ட்டைக் கழற்றினால் டைனமோவும் வாட்டர் பம்பும் கணக்கிலிருந்து நீங்கும். பிறகு கியரால் ஓடும் ஏர் கம்ப்ரஸரையும் டீசல் பம்பையும் கவனிக்க வேண்டும். வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த கம்ப்ரஸரில் அதன் சின்னப் பிஸ்டன் துருப்பிடித்து, பெரிய எஞ்சினையே பிடித்து நிறுத்திவிட முடியும். அதைப் பிரித்து எடுத்த உடனே எஞ்சின் சுற்றினால், சிலிண்டர்களை மேலிருந்து மூடியிருக்கும் ஹெட்டைத் தொடவே வேண்டியிராது.

இதன்பின் செல்ஃப் இருந்த துளை வழியாக பிளைவீல் பல்லில் நெம்புகோலைக் கொடுத்து, இரு பக்கமும் லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். சில பாகை அசைந்து, பிறகு ஒரே இடத்தில் முட்டி நின்றால், சிலிண்டரில் தண்ணீரோ உடைந்து விழுந்த வால்வோ இருக்கலாம். மயிரிழைகூட அசையவில்லை என்றால் துரு அல்லது பேரிங்.

ஊறவைத்தல்

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களை எல்லாம் கழற்ற வேண்டும். பல ஆண்டுகள் இறுகிய நாசிலை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் அதன் உடல் வளையும். சுற்றிலும் எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டபின், இழுப்பான் போட்டு நேராக இழுக்க வேண்டும். அடியில் இருக்கும் செப்பு வாஷர் துளையிலேயே தங்கிவிடாமல் பார்த்து எடுக்க வேண்டும். துளைகள் திறந்ததும் சிலிண்டரில் நின்ற தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மெல்லிய கேமரா ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தால் எந்தச் சிலிண்டரில் துரு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். சைலன்சர் குழாயின் வாய் வானத்தைப் பார்த்திருக்கும் வண்டிகளில், வண்டி நின்ற நேரத்தில் புகை வால்வு திறந்திருந்த ஒன்றிரண்டு சிலிண்டர்களில் மட்டுமே மழைநீர் இறங்கியிருக்கும். மற்றவை பளிச்சென்று இருக்கும்.

ஊறவைக்க, பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் சிவப்பு நிற ஏ.டி.எஃப். ஆயிலையும் டீசலையும் சமமாகக் கலந்து பயன்படுத்தலாம். டீசலுக்குப் பதிலாக அசிட்டோன் கலந்தால் இன்னும் விரைவாக இடுக்குகளில் இறங்கும். ஆனால் அது சீக்கிரம் ஆவியாகிவிடும், தீப்பற்றும் தன்மையும் மிக அதிகம். வெல்டிங் பொறி பறக்கும் பட்டறையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவைப் பொறுத்தவரை, 97 மில்லிமீட்டர் விட்டமும் 128 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட டாடா 697 எஞ்சினில் உச்சியில் நிற்கும் பிஸ்டனுக்கு மேலே ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் இடம்தான் உண்டு. நடுவில் நிற்கும் பிஸ்டனுக்கு 150 மில்லிலிட்டர் ஊற்றலாம், ஏனெனில் பிஸ்டன் தலையில் உள்ள குழி நிரம்பிய பின்தான் எண்ணெய் ஓரத்து ரிங்குகளைச் சென்றடையும்.

நாள்தோறும் மட்டத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரே இரவில் எண்ணெய் இறங்கிய சிலிண்டர், ரிங்குகள் ஓரளவு விட்டுவிட்ட சிலிண்டராகவோ, வால்வு திறந்து நிற்கும் சிலிண்டராகவோ இருக்கும்; வால்வு மூடியிருந்தும் எண்ணெய் இறங்காமல் தேங்கி நிற்கும் சிலிண்டரில்தான் துரு அடைத்துக்கொண்டிருக்கிறது. நான்கைந்து நாள் ஊறவைத்த பிறகு அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்றால் மறுபடியும் ஊற்றி ஒரு வாரம் விடலாம். இதில் அவசரம் காட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தண்ணீர் அறைகளில் சூடான நீரைச் சுற்றவிடுவதும் உதவும். வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியக்கூடியது அலுமினியம். ஆகவே சூடேற்றி ஆறவிடும் ஒவ்வொரு முறையும் பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையில் உள்ள துரு கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்குகிறது. சேம்பருக்கு அடியில் தீ மூட்டுவதோ, கேஸ் டார்ச்சால் பிளாக்கைச் சுடுவதோ கூடாது. ஊற்றிய எண்ணெய் பற்றிக்கொள்ளும், பிளாக்கும் வெடிக்கும்.

விசை கொடுக்கும்போது ஒரு மீட்டர் நீளக் குழாயின் முனையில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் தொங்கினாலே கிட்டத்தட்ட 600 நியூட்டன் மீட்டர் திருகுவிசை கிடைக்கிறது. அதற்கு மேல் நீளமான குழாயைத் தேட வேண்டாம். முன்பக்கப் புல்லி நட்டை இறுகும் திசையில் மட்டுமே திருப்ப வேண்டும். எதிர்த்திசையில் அசைக்க பிளைவீலைப் பயன்படுத்துங்கள். அடித்துச் சுற்றாமல், நிதானமாக அழுத்தி, விட்டு, மறுபக்கம் அழுத்த வேண்டும். அசைவு கிடைத்த உடனே முழுச்சுற்றுக்கு ஆசைப்படாமல், முன்னும் பின்னுமாக நகர்த்தி எண்ணெய் ஊற்றிக்கொண்டே அசைவை அகலப்படுத்த வேண்டும்.

ஹெட்டைத் திறக்க நேர்ந்தால்

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகளை வரிசை மாறாமல் அட்டையில் குத்தி வைக்க வேண்டும். பிஸ்டனுக்கு மேலே தெரியும் லைனர் சுவரின் துருவை எமரித் தாளால் சுத்தமாகத் தேய்த்து எடுக்காமல் பிஸ்டனை மேலே ஏற்றினால், ரிங்குகள் துருவில் ஏறி உடையும்.

ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1-6, 2-5, 3-4 என்று பிஸ்டன்கள் இணைந்து இயங்குகின்றன. உச்சியிலோ அடியிலோ நிற்கும் பிஸ்டனை அடிப்பதில் பயனில்லை: அங்கே ராடும் கிராங்க்கும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால், அடி முழுவதும் பேரிங்கில்தான் இறங்கும். நடுவில் நிற்கும் பிஸ்டன் மேல், லைனர் விட்டத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடைந்தெடுத்த தேக்குக் கட்டையை வைத்து, உதவியாளர் ஒருவர் பிளைவீலில் அந்தப் பிஸ்டன் கீழிறங்கும் திசையில் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, சம்மட்டியால் அளவாகத் தட்ட வேண்டும். தண்ணீர் நேரடியாகத் தொடும் ஈர லைனர் கொண்ட எஞ்சினாக இருந்தால், மேலேறும் பிஸ்டன் லைனரையும் சேர்த்துத் தூக்கிவிடக்கூடும். அடியிலுள்ள ரப்பர் வளையம் கிழிந்து சேம்பரில் தண்ணீர் இறங்கும். அதைத் தடுக்க லைனரின் விளிம்பைத் தகடும் போல்ட்டும் கொண்டு பிளாக்கோடு பிடித்துக் கட்டிவிடுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால், சேம்பரை இறக்கி, எண் குறித்துக்கொண்டு ஒவ்வொரு ராடு மூடியாகக் கழற்ற வேண்டும். ஒரு மூடியைக் கழற்றியதும் கிராங்க் சுற்றினால் குற்றவாளி அந்தச் சிலிண்டர்தான். ஆறையும் கழற்றியும் கிராங்க் சுற்றவில்லை என்றால் மெயின் பேரிங்கே பிடித்திருக்கிறது. கிராங்க்கின் தேய்ப்புப் பகுதி நீலம் பாய்ந்திருந்தால் லேத் பட்டறையில் விரிசல் சோதனை செய்து, தேய்மானத்துக்கு ஏற்ப 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று கடைந்து, அந்த அளவு பேரிங்கைப் போட வேண்டும். பிளாக்கில் விரிசலோ, ராடு வெளியே வந்த ஓட்டையோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. மாற்று எஞ்சின் வாங்கினால் அதற்கான ஆவணங்களைக் கேட்டு வாங்கி, எஞ்சின் எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் ஏற்றிவிடுங்கள்.

சுற்றிய பின்

எஞ்சின் கையால் சுற்றத் தொடங்கியதும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. ஹெட் திறந்திருந்தால் எல்லாப் பிஸ்டன்களும் உச்சியில் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று அளக்க வேண்டும். தாழ்ந்து நிற்கும் பிஸ்டனின் ராடு வளைந்திருக்கிறது. லைனர் சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால் லைனரை மாற்றுவதே சரி.

டீசல் பம்பு நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடம். நெடுநாள் நின்ற பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக், முழு அளவு நிலையில் இறுகியிருக்கலாம். அப்படிப்பட்ட எஞ்சின் பற்றிக்கொண்டால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும்; சாவியைத் திருப்பினாலும் ஸ்டாப் வயரை இழுத்தாலும் நிற்காது. ரேக் தடையின்றி நகர்கிறது என்பதை மூடியைத் திறந்து கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் பம்பை அதற்கான பட்டறைக்கு அனுப்ப வேண்டும். முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, அதன் வாயை முழுமையாக மூடக்கூடிய கனமான பலகையோடு ஒருவர் தயாராக நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ மூட முயலக் கூடாது. எஞ்சின் உள்ளே இழுத்துவிடும்.

ஊறவைத்த எண்ணெய் ரிங்குகளைத் தாண்டிச் சேம்பரில் இறங்கியிருக்கும். எனவே பழைய ஆயிலை முழுமையாக வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, செல்ஃபைத் திரும்பப் பூட்டி, நாசில்கள் இல்லாமலே அதை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்வரை பொறுக்க வேண்டும். அப்போது நாசில் துளைகளிலிருந்து எண்ணெய் பீய்ச்சியடிக்கும்; முகத்தை அங்கே நீட்டாதீர்கள். நாசில்களைப் புது வாஷரோடு பூட்டி ஸ்டார்ட் செய்தபின் சிறிது நேரம் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும், அதற்காக அஞ்ச வேண்டாம். ஆயில் பிரஷர் இறங்கினாலோ, அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்த வேண்டும். அரை மணி நேரம் மிதமான வேகத்தில் ஓடிய பின் ஆயிலைச் சூட்டோடு வடித்து மறுபடியும் மாற்றினால், கரைந்த துருவும் மீதித் தண்ணீரும் அதோடு வெளியேறிவிடும்.

வண்டியை மீண்டும் நிறுத்த நேர்ந்தால், சைலன்சர் வாய்க்கு ஒரு தகர மூடி போட்டு, மாதம் ஒரு முறையாவது எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, பிஸ்டன்கள் வேறு இடத்தில் நிற்கும்படி விட்டுவிட வேண்டும்.