பதினான்கு குழந்தைகள், ஒரு தூங்குமூஞ்சி மரம்

மேற்கு மாம்பலத்தில் ப்ரீ-கே.ஜி. வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு மார்ச் முதல் வாரமும், வெயில் கொளுத்தத் தொடங்குமுன், பதினான்கு பதினைந்து வாண்டுகளைப் பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பூங்காவுக்குக் கூட்டிப் போவேன். "செம்மொழிப் பூங்காவுக்கோ கிண்டி சிறுவர் பூங்காவுக்கோ போகலாமே மிஸ்?" என்று பெற்றோர் கேட்பார்கள். மூன்றரை வயதுக் குழந்தைக்கு வேனில் ஏறி இறங்குவதிலேயே பாதித் தெம்பு போய்விடும். நடந்து போகிற தூரத்துப் பூங்காதான் நல்லது. இன்று பார்த்த மரத்தை நாளைக்கும் போய்ப் பார்க்கலாம்.

நீங்களும் உங்கள் வகுப்பைக் கூட்டிப் போவதானால், முந்தின நாள் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். எங்கள் பூங்காவைக் காலை பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். உங்கள் பூங்காவின் நேரத்தைக் காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திருகியே பாருங்கள்.

அப்புறம் செடிகள். அரளி எங்கே இருக்கிறது என்பதை முதலில் தேடுங்கள். பூக்கிறது, ஆடுமாடு மேயாது என்று வேலியோரம் வரிசையாக நட்டிருப்பார்கள். செவ்வரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. மஞ்சள் அரளியின் கொட்டை உயிரையே எடுக்கும். முதல் வருடம் நான் இதைக் கவனிக்கவில்லை. ஒரு பெண்குழந்தை பச்சை அரளிக்காயை உள்ளங்கையில் வைத்து, "மிஸ், குட்டி மாங்கா" என்று நீட்டினாள். வாயில் வைத்திருக்கவில்லை. ஆனாலும் அன்று இரவு நான் தூங்கவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பக்கமே போவதில்லை. கூட வரும் ஆயாம்மா, அம்மாக்கள் எல்லாருக்கும் உள்ளே நுழைந்ததும் அந்தச் செடியைக் காட்டிவிடுவேன். செவ்வெறும்புக் கூடும் கம்பளிப்பூச்சியும் இருக்கும் மரங்களையும் அப்படியே.

நான்கு குழந்தைக்கு ஒரு பெரியவர் வேண்டும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, திரித்து, இரண்டடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டால் ரயில் கிளம்பிவிடும். வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழே முக்காலுக்கு வரச் சொல்லுங்கள், ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம். தண்ணீர், இரண்டு மாற்று உடை, ஒரு துண்டு போதும்.

பூங்காவைச் சுற்றிக் காட்டாதீர்கள். ஒரே மரத்தடியில் உட்காருங்கள். எங்களுக்கு வாய்த்தது ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அந்தப் பேரைச் சொன்னதுமே சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். சிரிக்கட்டும். வேறு எந்தப் பேரையும் நீங்களாகச் சொல்லவேண்டாம். "அடிமரம் எப்படி இருக்கு, தொட்டுப் பாரு" என்றால் போதும். ஒருவன் "தாத்தா கால் மாதிரி" என்றான். நான் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாலும் அது வராது. நான்கு பேர் கைகோத்து மரத்தைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார்கள், எட்டவில்லை. ஐந்தாவது ஆளைத் தேடினார்கள். எண்ணிக்கைப் பாடம் அங்கேயே நடந்துவிட்டது.

கீழே பழுப்புக் காய்கள் கிடக்கும். உடைத்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அதை ஒரு கிண்ணத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வாயில் மட்டும் வைக்கக்கூடாது என்பதைப் போவதற்கு முன்பே மூன்று நாள் விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள். வேரிடுக்கில் பிள்ளையார் எறும்பு வரிசை போகும். சுருண்டுகொள்ளும் ரயில்பூச்சி கிடைத்தால் அன்றைக்கு வேறொன்றும் தேவையில்லை, நாங்கள் இருபது நிமிடம் அது நிமிர்வதற்காகவே காத்திருந்திருக்கிறோம். அப்படி ஒரு குழந்தை குந்தி உட்கார்ந்திருக்கும்போது "வா, அங்கே அணில் பாரு" என்று கூப்பிடாதீர்கள். படம் எடுப்பதையும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவி, தண்ணீர் குடிக்க வைத்து, பாயை விரித்துவிடுங்கள்.

பெற்றோருக்கு டைரியில் ஒரே வரி எழுதி அனுப்புவேன்: "இன்று மாலை ஆறேகால் மணிக்கு அதே மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள், அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்." இருட்டத் தொடங்கும்போது அதன் சிற்றிலைகள் இரண்டிரண்டாக மடங்கிக்கொள்ளும். காலையில் பச்சையாக மூடியிருந்த இடத்தில் வானம் தெரியும். மறுநாள் காலை, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இரண்டு மூன்று பேர் என்னிடம் ஓடி வந்து ரகசியமாகச் சொல்வார்கள்: "மிஸ், அது நிஜமாவே தூங்குது."