துயிலியஸ் வீட்டாரைத் தப்பாகப் படிக்காமல் இருக்க

ரோமானிய வரலாற்றுக்குள் நுழைந்ததும் நாம் செய்யும் முதல் தவறு, பிளெபியன் என்றாலே ஏழை என்று முடிவுகட்டுவது. 'பாமரர்', 'அடித்தட்டு மக்கள்' என்று மொழிபெயர்த்ததால் வந்த வினை. பட்ரீசியன் எனப்பட்ட பழைய உயர்குலங்களில் பிறக்காத ரோமானியக் குடிமக்கள் எல்லோருமே பிளெபியன்தான். பணத்துக்குப் பேர்போன கிராசஸும் பிளெபியன். சாதியோடு ஒப்பிடுவதும் ஓரளவுக்கு மேல் ஓடாது: இரு தரப்புக்கும் இடையே இருந்த மணத்தடை கி.மு. 445-லேயே போய்விட்டது.

துயிலியஸ் என்ற சின்ன பிளெபியன் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கி.மு. 449-இல் மார்க்கஸ் துயிலியஸ் என்ற டிரிபியூன், அதாவது பிளெபியன்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி. கி.மு. 357-இல் வட்டிக்கு உச்சவரம்பு வைத்த டிரிபியூனும் மார்க்கஸ் துயிலியஸ். அவசரத்தில் ஒரே ஆள் என்று எழுதிவிடுவார்கள். நடுவே 92 வருடம்! ரோமானியர் சுற்றிச் சுற்றி அதே சில முதற்பெயர்களைத்தான் வைத்தார்கள். கி.மு. 260-இல் கான்சலாக, அதாவது ரோமின் உச்சப் பதவியில், இருந்த காயஸ் துயிலியஸை 'மார்க்கஸின் மகன், மார்க்கஸின் பேரன்' என்றே பதிவு சொல்கிறது. அதற்காக அந்தப் பழைய மார்க்கஸ்களை இவருக்கு அப்பா, தாத்தா ஆக்கிவிட முடியாது. பெண்கள் பாடு இன்னும் மோசம், குலப்பெயரின் பெண்பால் வடிவமே பெயர்: அக்காவும் துயிலியா, தங்கையும் துயிலியா.

குலப்பெயர் ஒன்றாக இருந்தால் ரத்த உறவு என்பதும் சரியல்ல. விடுதலையான அடிமை எஜமானின் குலப்பெயரை வைத்துக்கொள்வான்; பேச்சாளர் மார்க்கஸ் துல்லியஸ் சிசரோவின் அடிமை டீரோ, மார்க்கஸ் துல்லியஸ் டீரோ ஆனது அப்படித்தான். கிளாடியஸ் என்ற ஒரே குலப்பெயரில் பட்ரீசியன் கிளையும் உண்டு, மார்செல்லஸ் என்ற பிளெபியன் கிளையும் உண்டு.

காயஸ் துயிலியஸ், சிசிலிக் கரையோரம் நடந்த மைலே கடற்போரில், ரோமின் எதிரியான வட ஆப்பிரிக்க நகரரசு கார்த்தேஜை வென்றவர். அதற்காக ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில், எதிரிக் கப்பல்களின் மூக்குகள் பதித்த தூண் நட்டார்கள். இன்று கிடைக்கும் அதன் கல்வெட்டை அவர் காலத்துக் கல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பேரரசுக் காலத்தில் மறுபடி வெட்டியது. விருந்து முடிந்து வீடு திரும்பும்போது தீவட்டியும் குழலோசையும் கூட வருவது அவருக்குக் கிடைத்த மரியாதை. பெயரில் துயில் இருந்தாலும் தெருவைத் தூங்க விட்டிருக்க மாட்டார்.

அப்புறம் இந்தப் பெயர் கான்சல் பட்டியலில் வரவே இல்லை. உடனே 'வம்சம் அழிந்தது' என்று எழுதிவிட வேண்டாம். நின்றுபோனது பதவிதான்.