டார்க்ஸ் பிட் வாங்குறீங்களா, எண்ணிக்கையை விடுங்க, முனையைப் பாருங்க

டிரைவர் கைப்பிடில மாட்டுற முனைதான் பிட், ஆறு இதழ் பூ மாதிரி குழி இருக்குற ஸ்க்ரூவுக்கானது டார்க்ஸ். என்கிட்ட நூத்திச்சொச்சம் பிட் அடுக்கின டப்பா ஒண்ணு இருக்கு, பாக்க அவ்ளோ அம்சமா இருக்கும், ஆனா வாங்கின ரெண்டாவது வாரமே ஒரு லேப்டாப் அடிமூடியை கழட்டப் போய் அதுல இருந்த டி5ங்குற சின்ன சைஸ் டார்க்ஸ் பிட் ஸ்க்ரூக்குள்ளயே கயிறு திரிச்ச மாதிரி முறுக்கிக்கிச்சு, ஸ்க்ரூ தலையும் மொழுக்குன்னு ஆயிடுச்சு, அதை வெளிய எடுக்க ஒரு சாயங்காலம் முழுக்க போச்சு. அப்புறம் தனித்தனியா நல்ல டிரைவரா அஞ்சு வாங்கினேன், இன்னிக்கு வரைக்கும் அந்த அஞ்சுலதான் பொழப்பு ஓடுது. டப்பால எத்தனை பிட்டுன்னு எண்ணாதீங்க, உங்களுக்கு வேண்டிய சைஸ்ல முனையை எப்படி வெட்டியிருக்கான்னு பாருங்க.

முனை மேல ஏன் இவ்ளோ கண்ணுன்னா, டார்க்ஸ் வேலை செய்யுற விதம் அப்படி. 1967ல கேம்கார்ங்குற அமெரிக்க கம்பெனி கொண்டு வந்தது இந்த ஆறு இதழ் தலை. பிளஸ் ஸ்க்ரூல குழி சரிவா இருக்கும், அழுத்தம் கொஞ்சம் கம்மியானா டிரைவர் மேல ஏறி வழுக்கிடும். டார்க்ஸ்ல சுவர் நேரா கீழ இறங்குது, அதனால ஏறி வழுக்காது, திருப்புற பலம் மொத்தமும் அந்த ஆறு இதழ் மேலதான் விழும். பிட் கச்சிதமா உக்காந்தா ஜம்முனு கழலும். லூஸா இருந்தா ஓரத்தை மட்டும் கடிக்கும், அப்போ ஸ்க்ரூவோ பிட்டோ ரெண்டுல ஒண்ணு மழுங்கியே தீரும்.

சின்ன சைஸ்ல இந்த லூஸ் எவ்ளோ கொஞ்சம்னு பாருங்க. எதிரெதிர் இதழ் நுனிக்கு நடுவுல டி5 சுமார் 1.4 மி.மீ, டி6 1.7, டி8 2.3, டி10 2.7 மி.மீ. அடுத்தடுத்த நம்பருக்கு வித்தியாசமே 0.3 மி.மீ பக்கம்தான், அப்போ 0.1 மி.மீ குறைச்சு வெட்டின பிட் மேல டி6னு பொறிச்சிருந்தாலும் அது பேருக்குத்தான் டி6.

கைல எடுத்ததும் முனையை லென்ஸ் வெச்சு பாருங்க, போன் கேமராவை ஜூம் பண்ணாலும் போதும். ஆறு இதழும் ஒரே அளவா இருக்கணும், ஓரம் கூர்மையா இருக்கணும், நுனி கிட்டத்தட்ட தட்டையா முடியணும். நுனி பென்சில் மாதிரி கூம்பி இருந்தா வெச்சிடுங்க, அந்த கூம்பின இடம் ஸ்க்ரூக்குள்ள போகும் ஆனா எதையும் பிடிக்காது, ஏற்கனவே ஆழம் கம்மியான குழில பாதி அதுக்கே போயிடும். முலாம் தடிமனா பூசி இதழுக்கு நடுவுல இருக்குற பள்ளம் ரொம்பியிருந்தாலும் வேண்டாம். அப்புறம் டிரைவரோட கம்பியை மட்டும் ஒரு கண்ணாடி மேல உருட்டுங்க, நுனி வட்டம் போட்டா கம்பி நேரா இல்ல. கடைசியா நல்ல ஸ்க்ரூ ஒண்ணுல சொருகி லேசா இடமும் வலமும் ஆட்டிப் பாருங்க, துளி ஆட்டம் இருக்கத்தான் செய்யும், ஆனா கடகடன்னு ஆடக்கூடாது.

இரும்பு விஷயத்துல எஸ்2னு, அதாவது கருவி செய்யுற ஒரு வகை எஃகுன்னு போட்டிருந்தா சந்தோஷம்தான், சூட்டுப் பதம் ஒழுங்கா குடுத்திருந்தா கடினத்தை அளக்குற ராக்வெல் சி அளவுல 58லேர்ந்து 62 வரைக்கும் நிக்கும், சாதாரண குரோம் வெனேடியம் எஃகு அதைவிட கொஞ்சம் மெத்து. ஆனா எஸ்2னு அச்சடிக்க எவனுக்கும் காசு செலவில்ல, பதம் சரியில்லன்னா அந்த எழுத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல. வீஹா, வேரா, பிபி ஸ்விஸ் மாதிரி பேர் எடுத்த கம்பெனிங்க முனை சுத்தமா இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரிதான், அதனாலதான் செட்டா வாங்காம சைஸ் சைஸா வாங்க சொல்றேன்.

நடுவுல ஓட்டை போட்ட பிட் பத்தி தனியா சொல்லணும். ஸ்க்ரூ குழிக்கு நடுவுல ஒரு சின்ன குச்சி நிக்கும், அது செக்யூரிட்டி டார்க்ஸ், அதுக்கு ஓட்டை உள்ள பிட் வேணும். அந்த பிட் சாதா டார்க்ஸ்லயும் போகும்ங்குறதால மலிவு செட்டுல எல்லா பிட்டுலயும் ஓட்டை போட்டு விட்டுடுறாங்க. டி20ல பரவாயில்ல, டி7 டி8ல இருக்குறதே நூல் கனம், அதுலயும் நடுவுல துளைச்சா மிச்சம் என்ன இருக்கும்? அதனால தினசரி வேலைக்கு ஓட்டை இல்லாதது, குச்சி வெச்ச ஸ்க்ரூக்கு மட்டும் ஓட்டை உள்ளது.

குழப்பம் இன்னும் ரெண்டு இருக்கு. ஐபினு போட்டிருந்தா அது டார்க்ஸ் பிளஸ், இதழ் கொஞ்சம் சதுரமா இருக்கும், அந்த டிரைவர் சாதா டார்க்ஸ்ல இறங்காது, சாதா டார்க்ஸ் அதுல லொடலொடன்னு இறங்கிடும், இறங்குதேன்னு பலம் போட்டுடாதீங்க. ஐபோன் அடில இருக்குறது அஞ்சு இதழ் பென்டலோப், அது வேற சாதி, எண்ணிப் பாருங்க.

பிட்டா டிரைவரான்னா, குழிக்குள்ள ஆழமா இருக்குற ஸ்க்ரூக்கு பிட் ஹோல்டரோட தலையே உள்ள போகாது, அங்க ஒல்லியான நீளக் கம்பி உள்ள டிரைவர்தான் கதி. மத்ததுக்கு பிட் போதும், ஆனா சின்ன வேலைக்கு 4 மி.மீ அறுகோண அடி உள்ளதை வாங்குங்க, கால் இஞ்ச் பிட் பெரிய கைப்பிடிக்குத்தான், அந்த கைப்பிடில டி5ஐ திருகினா எவ்ளோ பலம் போகுதுன்னு கைக்கே தெரியாது. கைப்பிடி உச்சில தானா சுழலுற மூடி இருக்கணும், ஆள்காட்டி விரலை அதுல அழுத்தி கட்டை விரலாலயும் நடுவிரலாலயும் உருட்டணும். முதல்ல வாங்க வேண்டியது டி5, டி6, டி8, டி10, அப்புறம் சைக்கிள் டிஸ்க் பிரேக் ரோட்டர் வரைக்கும் போறவங்க ஒரு டி25.

கழட்டும்போது முதல்ல குழில இருக்குற அழுக்கை ஊசியால நோண்டி எடுங்க, அழுக்கு இருந்தா எவ்ளோ நல்ல பிட்டும் அரைகுறையாத்தான் இறங்கும். எப்பவும் பெரிய சைஸ்லேர்ந்து சின்னதுக்கு வாங்க, இறங்குற முதல் சைஸ்தான் சரியான சைஸ். மறைல பசை போட்டு இறுக்கியிருந்தா, சுத்தி பிளாஸ்டிக்கும் பேட்டரியும் இல்லாத இடம்னா, சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலைல கொஞ்ச நேரம் வெச்சா பசை இளகிடும். திரும்ப மாட்டும்போது முதல்ல எதிர்ப்பக்கம் மெதுவா சுத்துங்க, டொக்குனு ஒரு சின்ன இறக்கம் விரல்ல தெரியும், அங்கேர்ந்து முறுக்க ஆரம்பிச்சா மறை மாறி ஏறாது.

நுனி ஓரம் உருண்டு பளபளன்னு ஆயிடுச்சுன்னா உடனே தூக்கிப் போட வேண்டாம். டார்க்ஸ் வெட்டு கொஞ்ச தூரம் நேராத்தான் போகும், அதனால சாணைக்கல்லுல நுனியை செங்குத்தா வெச்சு தண்ணி தொட்டுத் தொட்டு மெதுவா தேய்ச்சா, தேஞ்ச அரை மி.மீ போய் உள்ள இருக்குற புது ஓரம் வெளிய வந்துடும். மோட்டார் சாணைல வெச்சு சூட்டுல நீலம் பாய விட்டீங்கன்னா மட்டும் பதம் போயிடும், அப்புறம் அது குப்பைதான்.