கீரிப்பூச்சித் தொல்லைக்குச் சுண்டைவற்றல், வேப்பம்பூப் பொடி

என் 6 வயது மகள் இரவில் உறக்கம் கலைந்து ஆசனவாயைச் சொறிந்தபடி அழுதபோது டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், வெள்ளை நூல் துண்டைப் போல ஒரு கீரிப்பூச்சி நெளிந்துகொண்டிருந்தது. மறுநாள் மருத்துவர் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையைக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளையும் தரச் சொன்னார். மாத்திரையோடு சேர்த்து, என் மாமியார் தம் பிள்ளைகளுக்குச் செய்து தந்த கைப்புப் பொடியையும் கொடுத்தோம். இது மாத்திரைக்கு மாற்றாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுண்டைவற்றல் 100 கிராம், உலர்ந்த வேப்பம்பூ 25 கிராம், ஓமம், சீரகம் தலா 2 தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, சிறிதளவு பெருங்காயம் ஆகியவை போதும். மோரில் ஊறிய வற்றலாக இருந்தால் உப்பு சேர்க்க வேண்டாம்.

எதையும் எண்ணெயின்றித் தனித்தனியாக வறுக்க வேண்டும். வற்றல் உட்புறம் வரை வறுபட வெகுநேரம் பிடிக்கும். வேப்பம்பூவோ சட்டி சூடேறியதும் ஒரு நிமிடத்திற்குள் கருகிவிடும். முதல் முறை இரண்டையும் ஒன்றாகப் போட்டதால், பூ கரியாகி, வற்றல் உள்ளே ஈரப்பதமாகவே நின்று, அரைக்கும்போது மிக்சி ஜாரின் அடியில் அப்பிக்கொண்டது. வற்றலை விரலால் நசுக்கினால் மளுக்கென்று உடைய வேண்டும், அதுதான் பதம். நான்ஸ்டிக் சட்டியைவிடக் கனமான இரும்பு வாணலியையே நான் விரும்புகிறேன், ஏனெனில் சிறு தீயிலும் அது சூட்டை நன்கு தக்கவைத்துக்கொள்கிறது. நன்கு ஆறிய பிறகு, விட்டுவிட்டு அரைத்துக் கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு அரைத் தேக்கரண்டியைச் சுடுசோற்றின் முதல் பிடியில் நெய்விட்டுப் பிசைந்து, வாரத்திற்கு இரண்டு நாள் தருகிறேன்.

என்னை உண்மையில் தடுமாறவைத்தது படுக்கைதான். பெண்பூச்சி இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அவை சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலையை அடைந்து, சொறியும் நகத்தின் வழியே மீண்டும் வாய்க்குள் சென்றுவிடுகின்றன. துணியிலும் தரையிலும் அவை இரண்டு, மூன்று வாரங்கள் வரை உயிரோடு இருக்கக்கூடும். காலைதோறும் போர்வையை அறைக்குள்ளேயே உதறி மடிக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அவ்வாறு உதறும்போது முட்டைகள் காற்றில் பரவும் என்பது தெரியாததால், மூன்றே வாரத்தில் அரிப்பு திரும்பி வந்தபோது பொடியையும் மாத்திரையையும் குறைகூறிக்கொண்டிருந்தேன்.

இப்போது விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைக்கிறேன். மகளை எழுந்தவுடன் குளிப்பாட்டி, உள்ளாடையை மாற்றி, நகத்தை ஒட்ட வெட்டிவிடுகிறேன். மருத்துவர் சொன்னபடி வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மாத்திரை எடுத்துக்கொண்டோம். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேசிய குடற்புழு நீக்க நாள்களை ஒட்டித் தரும் மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: பப்பாளி விதையைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தனர். 2007இல் நைஜீரியாவில் 60 குழந்தைகளிடம், உலர்ந்த பப்பாளி விதையைத் தேனில் கலந்து கொடுத்துப் பார்த்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. எனினும் அது சிறிய ஆய்வு. அதை வைத்து என் பிள்ளைக்கு அளவு தீர்மானிக்க நான் துணியமாட்டேன்.

ஒரு தாய், ஆடுதீண்டாப்பாளை என்ற மூலிகையின் சாற்றைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டுவதும் ஆபத்தானது. வலிப்பு வந்து உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ பூச்சித் தொல்லை இருந்தால், இந்தப் பொடியையும் தொடாமல் நேரே மருத்துவரிடம் செல்லுங்கள்.