மலை இறக்கத்தில் கால் நகம் கறுக்காமல் இருக்க

ரோட்டிலிருந்து மலைப்பாதை ஓட்டத்துக்கு மாறுகிறவர்கள், ஷூவின் மேல்முனையில் சும்மா கிடக்கும் கடைசித் துளையைப் பயன்படுத்துங்கள். லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளையில் வெளியிலிருந்து உள்ளே விட்டுச் சின்ன வளையம் வையுங்கள். இரண்டு நுனிகளையும் எதிரெதிர் வளையத்தில் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள்.

இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் வழுக்கி விரல்நுனி ஷூவில் மோதும். நகத்தடியில் ரத்தம் கட்டுவது அதனால்தான். இந்த வளையம் குதிகாலைப் பின்னாலேயே பிடித்து வைக்கும். விரல் பக்கத்து லேஸ் மட்டும் தளர்வாகவே இருக்கட்டும், நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும்.

நீளமான கால்விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடமில்லையென்றால் இது உதவாது, அரை சைஸ் பெரிய ஷூதான் வழி. பாதத்தின் மேல்பகுதி மரத்துப்போனால் உடனே தளர்த்துங்கள்.