கப்பல் சுற்றுலாவில் நோய்வாய்ப்பட்டால்: ஊர் வந்து சேரும்வரை காக்கும் காப்பீட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, உதகை ஆகிய ஊர்களில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் கப்பல் சுற்றுலாவுக்குப் புறப்படுவது இப்போது அரிதல்ல. சென்னையிலோ கொச்சியிலோ கப்பலேறுகிறவர்களும் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் சென்று அங்கே ஏறுகிறவர்களும் உண்டு. டிராவல் ஏஜெண்ட் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு பயணக் காப்பீட்டையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பலர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பாலிசியில் வேறு எதைப் படிக்காவிட்டாலும், நோயாளியைக் கப்பலிலிருந்து மருத்துவமனைக்கும் அங்கிருந்து சொந்த ஊருக்கும் கொண்டுசேர்ப்பது பற்றிய பகுதியைப் புறப்படுவதற்கு முன் படித்தே ஆக வேண்டும். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் மேட்டுப்பாளையம் சாலை வழியே கோவைக்கு இறக்க வேண்டுமே என்ற கவலை மலையில் வாழும் எல்லோருக்கும் தெரியும். கடலிலும் அதே கவலைதான். ஆனால் அங்கே சாலை இல்லை, செலவும் டாலரில் வரும்.

பெரிய பயணிகள் கப்பல்களில் மருத்துவரும் செவிலியர்களும் உள்ள சிகிச்சை மையம் இருக்கும். இ.சி.ஜி. எடுப்பார்கள், ரத்தப் பரிசோதனை செய்வார்கள், ஆக்சிஜன் கொடுப்பார்கள். ஆனால் இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, பெரிய அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு அங்கே வசதி கிடையாது. கரைசேரும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே அந்த மையத்தின் வேலை. அதற்கான கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறிவிடும். காப்பீட்டு அட்டையைக் காட்டிப் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் முறை பொதுவாகக் கப்பல்களில் இல்லை என்பதால், கையிலிருந்து கட்டிவிட்டு ஊர் திரும்பியபின் நிறுவனத்திடம் கோர வேண்டியிருக்கும்.

ஹெலிகாப்டர் வந்து தூக்கிச் சென்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கரையிலிருந்து அது பறந்து திரும்பக்கூடிய தூரத்துக்கு எல்லை உண்டு. காற்றும் அலையும் இடம்கொடுக்க வேண்டும். ஆடும் கப்பலிலிருந்து நோயாளியைக் கயிற்றில் ஏற்றுவதே ஆபத்தான காரியம். ஆகவே பெரும்பாலும் கப்பல் வேகத்தைக் கூட்டி அடுத்த துறைமுகத்துக்குச் செல்லும், அல்லது வழியை மாற்றி அருகிலுள்ள துறைமுகத்தில் நோயாளியை இறக்கும். கப்பல் மருத்துவரின் கருத்தைக் கேட்டு அந்த முடிவை எடுப்பவர் கேப்டன். இந்தியக் கடற்பகுதியில் மீட்புப் பணி கடலோரக் காவல்படையுடையது. அதன் அவசர எண் 1554. அமெரிக்கா உட்படச் சில நாடுகளில் கடலோரக் காவல்படை மீட்புக்குக் கட்டணம் கேட்பதில்லை. பெருஞ்செலவு அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது: துறைமுக நகரத்தின் மருத்துவமனை, அங்கே வசதி போதாவிட்டால் வேறொரு நகரத்துக்குத் தனியார் ஏர் ஆம்புலன்ஸ், பிறகு தாயகம் திரும்பும் பயணம். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு ஏர் ஆம்புலன்ஸ் என்றால் தொகை ஒரு கோடி ரூபாயைத் தாண்டக்கூடும்.

கையில் ஏற்கெனவே இருக்கும் அட்டைகள் போதாதா என்ற கேள்வி வரும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், ஈ.எஸ்.ஐ., குன்னூரை அடுத்த வெலிங்டன் பக்கம் முன்னாள் படைவீரர்கள் வைத்திருக்கும் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். ஆகிய எல்லாமே நம் நாட்டு மருத்துவமனைகளை வைத்து வகுக்கப்பட்டவை. சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசியும் பெரும்பாலும் இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும். லட்சத்தீவுப் பயணம் போலக் கப்பல் இந்தியாவை விட்டு வெளியே போகாத பயணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தந்துள்ள வரையறைப்படி, 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களில் குறைந்தது 10 உள்நோயாளிப் படுக்கைகளும் மற்ற இடங்களில் 15 படுக்கைகளும் இருந்தால்தான் அது மருத்துவமனை. கப்பலின் சிகிச்சை மையத்தை அந்த வரையறைக்குள் கொண்டுவருவது கடினம் என்பதால், உள்நாட்டுப் பயணமானாலும் கப்பல் பயணத்தை வெளிப்படையாக ஏற்கும் பயணக் காப்பீட்டைத் தனியாக எடுப்பதே நல்லது.

பாலிசியைப் படிக்கும்போது 'மெடிக்கல் எவாகுவேஷன்' (நோயாளியைச் சிகிச்சைக்காக இடமாற்றுவது) என்ற தலைப்புக்கு எதிரே உள்ள தொகையைப் பார்த்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். எங்கிருந்து எங்குவரை என்பதுதான் முக்கியமான கேள்வி. கப்பலிலிருந்து கரை, கரையிலிருந்து தகுந்த மருத்துவமனை, அங்கிருந்து வீடு என்ற மூன்று கட்டங்களையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்க வேண்டும். முதல் கட்டத்தைப் பற்றிப் பல பாலிசிகள் எதுவுமே சொல்வதில்லை. இரண்டாம் கட்டத்தில், போதிய வசதியுள்ள மிக அருகிலான மருத்துவமனைக்குத்தான் கொண்டுசெல்வார்களே தவிர, நாம் விரும்பும் மருத்துவமனைக்கு அல்ல. மூன்றாம் கட்டம் பல பாலிசிகளில் இந்திய விமான நிலையத்தோடு முடிந்துவிடலாம். சென்னையில் இறக்கிவிடப்பட்ட நோயாளியைக் கோத்தகிரிக்குக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ் செலவு அப்போது குடும்பத்தின் தலையில் விழும். மலையூர்க்காரர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும்.

கேள்விகளைத் தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி எழுதினால் போதும்: "நான் இன்ன தேதியில் இன்ன துறைமுகத்திலிருந்து கப்பல் பயணம் செல்கிறேன். நடுக்கடலில் நோய்வாய்ப்பட்டுக் கப்பல் மருத்துவரின் அறிவுரைப்படி இறக்கப்பட்டால், கப்பலிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் செலவு இந்தப் பாலிசியில் அடங்குமா? இடமாற்றத்துக்கான தொகை சிகிச்சைத் தொகைக்குள் அடங்கியதா, தனியா? என்னைத் தாயகம் கொண்டுவந்தால், நீலகிரி மாவட்டத்தில் உள்ள என் வீடுவரை ஆம்புலன்ஸ் தரப்படுமா, விமான நிலையம் வரைதானா? உடன் வரும் என் மனைவியின் தங்கும் செலவும் திரும்பும் டிக்கெட்டும் அடங்குமா?"

ஐரோப்பாவுக்குச் செல்வோர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள காப்பீடு கட்டாயம் என்பதால், அந்தக் குறைந்தபட்சத் தொகைக்கே பாலிசி எடுத்து விசா வாங்கிவிடுகிறார்கள். கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் கப்பல்கள் பல துருக்கியின் குஷாடசி துறைமுகத்தையும் தொடுகின்றன. துருக்கி ஷெங்கன் பகுதியில் இல்லை. ஷெங்கன் நாடுகளில் மட்டும் செல்லுபடியாகும் பாலிசி அங்கே இறக்கப்படும் நோயாளிக்கு உதவாது. கப்பல் தொடும் எல்லா நாடுகளின் பெயரையும் பட்டியலிட்டுப் பாலிசியின் எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அலாஸ்கா, கரீபியன் பயணமானால் அமெரிக்காவும் கனடாவும் உள்ளடங்கிய வகைதான் வேண்டும். தொகையைப் பொறுத்தவரை, ஆசியப் பயணத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கும் அமெரிக்கப் பக்கத்துக்கு இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வைத்த ஸ்டென்ட் ஆகியவற்றை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மறைத்தது தெரிந்தால் கோரிக்கை முழுவதும் நிராகரிக்கப்படலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிராபத்து நேரத்தில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள் பணம் தரும் பாலிசிகள் உண்டு. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவைச் சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு வைக்கும் பாலிசிகளும் உண்டு. மது அருந்திய நிலையில் நேரும் விபத்தும், ஸ்கூபா போன்ற சாகச விளையாட்டுகளும் பெரும்பாலும் விலக்கப்பட்டவை.

திரும்பும் பயணத்தில் நம் மலைக்கே உரிய ஒரு விஷயத்தையும் மருத்துவரிடம் பேச வேண்டும். பயணிகள் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு ஈடாகக் குறைகிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாரடைப்புக்கோ நுரையீரல் பாதிப்புக்கோ பிறகு விமானம் ஏறலாமா என்று கேட்கும்போதே, இறங்கியவுடன் மலையேறி அங்கேயே தங்கலாமா என்பதையும் கேளுங்கள். விமானத்தில் சில மணி நேரம்தான், உதகையில் நாள் முழுவதும் அந்த உயரம். சில நாட்கள் கோவையில் தங்கச் சொன்னால் அதற்கும் ஏற்பாடு வேண்டும். விமானம் ஏறத் தாமதமாகும் என்றால், பாலிசியின் காலம் சிகிச்சை முடியும்வரை நீளுமா என்பதும் பார்க்க வேண்டியது.

அவசரம் நேர்ந்தால் முதலில் சிகிச்சை மையம். அடுத்த வேலை காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்துக்குத் தகவல். அவர்களின் முன் ஒப்புதல் இல்லாமல் நாமே ஏர் ஆம்புலன்ஸ் அமர்த்தினால் பணம் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். இந்தியக் கட்டணமில்லா எண்கள் கப்பலிலிருந்து கிடைக்காமல் போகலாம் என்பதால், நாட்டுக் குறியீட்டோடு கூடிய நேரடி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் வரவேற்பு மேசையில் கேட்டால் பேச ஏற்பாடு செய்து தருவார்கள். பாலிசியின் ஒரு நகல் ஊரிலிருக்கும் மகனிடமோ மகளிடமோ இருந்தால், அவர்களே நிறுவனத்தோடு பேசிக்கொள்வார்கள். நோயாளியின் அருகில் இருப்பவர் அருகிலேயே இருக்கலாம்.

கப்பலை விட்டு இறங்கும் அவசரத்தில் பாஸ்போர்ட்டை மறந்துவிட வேண்டாம். சில பயணங்களில் அதைக் கப்பல் நிர்வாகமே வாங்கி வைத்திருக்கும். மருந்துகள், கப்பல் மருத்துவரின் அறிக்கை, ஒவ்வொரு செலவும் தனித்தனியாகக் குறிக்கப்பட்ட பில், இடையில் இறக்கப்பட்டதற்கான கப்பலின் கடிதம் ஆகியவற்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டு வாங்குவதற்குள் கப்பல் அடுத்த நாட்டில் இருக்கும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) முறையிடலாம். அதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. புறப்படுமுன் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய அந்தப் பதில் மின்னஞ்சலையும் புகாரோடு இணைத்து அனுப்புங்கள்.