ஐ.நா.வுக்குச் சரக்கு விற்பது எப்படி? பதிவு முதல் டெண்டர் வரை

கரூரில் தயாராகும் கொசுவலைகள் ஆப்பிரிக்கக் கிராமங்கள் வரை போகின்றன. யுனிசெஃப் போன்ற அமைப்புகள் இவற்றை மொத்தமாக வாங்குகின்றன. "அங்கே ஆள் தெரிந்தால்தானே ஆர்டர்?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஆள் வேண்டாம், நியூயார்க்கில் கிளையும் வேண்டாம். பொறுமையாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: ஐ.நா. அமைப்புகளுக்குப் பொருள் விற்பவர்கள் பதிவு செய்யும் பொது இணையதளமான யு.என்.ஜி.எம்.-இல் அடிப்படைப் பதிவு. முழுக்க இலவசம். பணம் கட்டினால் ஆர்டர் உறுதி என்று யாராவது மெயில் அனுப்பினால் மோசடிதான். கம்பெனிப் பெயரைப் பதிவுச் சான்றிதழில் இருப்பதுபோல், புள்ளி மாறாமல் போடுங்கள். பெரிய ஒப்பந்தங்களுக்கு நிலை 1, நிலை 2 என்று மேலே போக வேண்டும். அப்போது பழைய வாடிக்கையாளர்களின் கடிதங்கள், தணிக்கை செய்த கணக்குகள் எல்லாம் கேட்பார்கள்.

படி 2: நீங்கள் விற்கும் பொருள் எந்த வகை என்று காட்டும் 8 இலக்கக் குறியீடு. இதை வைத்துத்தான் டெண்டர் அறிவிப்புகள் வரும். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். வலை விற்பவர் பேனா, ஜெனரேட்டர் என்று கண்டதையெல்லாம் டிக் செய்துவிடுவார். பிறகு சம்பந்தமில்லாத அறிவிப்புகளுக்கு நடுவே தன் டெண்டரைத் தேடிக்கொண்டிருப்பார். நிஜமாகவே செய்வதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

படி 3: தரச் சான்று. மருந்து தோய்த்த கொசுவலை என்றால் உலக சுகாதார அமைப்பின் முன்தகுதி (பொருளை முன்கூட்டியே ஆராய்ந்து தரும் அங்கீகாரம்) இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும், டெண்டர் வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

படி 4: டெண்டர் ஆவணம். சின்ன கொள்முதலுக்கு வெறும் கொட்டேஷன் கேட்பார்கள். இன்னதுதான் வேண்டும் என்று விவரம் தெளிவாக இருந்தால், நிபந்தனைக்குப் பொருந்துபவர்களில் விலை குறைந்தவருக்கு ஆர்டர். சேவை போன்றவற்றில் தொழில்நுட்ப உறை தனி, விலை உறை தனி. தொழில்நுட்ப உறைக்குள் தவறிப்போய் விலை எட்டிப் பார்த்தால், அதோடு சரி.

கெடு நேரத்தையும் பாருங்கள். யுனிசெஃபின் கொள்முதல் பிரிவு இருக்கும் கோபன்ஹேகனில் மாலை 5 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. ஒருமுறை நான் இதை மாற்றிக் கணக்குப் போட்டு, பைல் ஏறுவதற்குள் பக்கம் மூடிக்கொண்டது. கெஞ்ச ஆளே கிடையாது.

படி 5: பணம். முன்பணத்தை எதிர்பார்க்காதீர்கள். சரக்கும் பில்லும் சரியாகச் சேர்ந்தபின் பொதுவாக 30 நாள். நூல் வாங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் பல மாதம் உங்கள் காசுதான் முடங்கும். பேங்க் கடன் லிமிட் தாங்குமா என்று விலை போடும் முன்பே மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள்.